ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்: குழந்தைகளின் பார்வைப் பரிசோதனை பற்றிய கேள்வி பதில்

மலைக் கிராமங்களிலும் செங்கல் சூளைகளிலும் நடக்கும் முகாம்களில் குழந்தைகளின் கண்களைப் பரிசோதித்து வருகிறேன். அங்கே பெற்றோரும் பணியாளர்களும் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

அங்கன்வாடிப் பணியாளர்: மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்தே தெரியாது. பார்வையை எப்படிச் சோதிப்பது?

எழுத்து தேவையில்லை. குழந்தை ஒரு பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு கண்ணை உங்கள் உள்ளங்கையால் மெல்ல மறையுங்கள். பிறகு மறு கண்ணை மறையுங்கள். சென்ற மாதம் ஒரு சிறுமி, இடக்கண்ணை மறைத்தபோது சிரித்துக்கொண்டே விளையாடினாள். வலக்கண்ணை மறைத்ததும் என் கையைத் தள்ளிவிட்டு அழுதாள். அவளுடைய இடக்கண்ணில் பார்வை மிகக் குறைவாக இருந்தது. வீட்டில் எவருக்கும் அது தெரியாது. பிறந்ததிலிருந்தே மங்கலாகப் பார்க்கும் குழந்தை உலகமே அப்படித்தான் என்று எண்ணிக்கொள்வதால், தனக்குக் கண் தெரியவில்லை என்று தானாக வந்து சொல்லாது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்: நாங்களே பரிசோதித்தோம், எல்லோரும் சரியாகப் படித்துவிட்டார்கள். அதுவே போதுமா?

வரிசையில் நிற்கும் பிள்ளைகள் முன்னால் இருப்பவர் சொல்வதைக் கேட்டு எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடுவார்கள். விரல்களால் கண்ணை மூடச் சொன்னால் இடுக்கு வழியே பார்ப்பார்கள். ஆகவே ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, ஆறு மீட்டர் தொலைவில் நிறுத்தி, திசை மாற்றிக் காட்டக்கூடிய ஆங்கில 'E' எழுத்து அட்டையைப் பயன்படுத்தி, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதியுங்கள்.

சூளைத் தொழிலாளி: என் நான்கு வயது மகனுக்கு மாறுகண். அது அதிர்ஷ்டம், விட்டுவிடு என்கிறார் என் தாயார்.

ஐயா, தாயார் அன்பினால் சொல்கிறார். ஆனால் தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். விலகிய கண்ணிலிருந்து வரும் காட்சியை மூளை ஒதுக்கப் பழகிவிட்டால், அந்தக் கண்ணில் பார்வை வளராமலே போய்விடும். கண்ணாடி அணிவித்தும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்தும் அதை மீட்கலாம். ஏழெட்டு வயதுக்குப் பிறகு இந்தச் சிகிச்சையின் பலன் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், இந்த வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

ஒரு தாய்: குழந்தை எட்டாம் மாதத்தில் 1,600 கிராம் எடையுடன் பிறந்தது. இன்றோடு இருபது நாள். கண்ணைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே?

அம்மா, இந்த வாரமே விழித்திரை மருத்துவரிடம் செல்லுங்கள். 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். வளர்ச்சி முற்றுப்பெறாத இரத்த நாளங்கள் தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரை பிரிந்து பார்வை முழுவதுமாகப் போகக்கூடும். உரிய நேரத்தில் கண்டறிந்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் காப்பாற்றலாம். வெளியிலிருந்து பார்க்கையில் கண் நன்றாகவே தெரியும் என்பதால் ஏமாந்துவிடாதீர்கள்.

ஒரு தந்தை: குழந்தையைக் கைபேசியில் எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது.

கண்புரையாகவோ விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கலாம். நாளைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிராமச் செவிலியர்: குழு வரும் நாளில் சூளைக் குடும்பங்கள் ஊரில் இருப்பதில்லை. என்ன செய்வது?

2013-இல் தொடங்கிய, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம்) என்னும் அரசுத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பெயர்ப் பட்டியலில் இல்லாத பிள்ளைகளே பெரும்பாலும் விடுபடுகிறார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். குடும்பங்கள் ஊர் திரும்பும் மாதத்தைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லி, வருகையை அதற்கேற்ப மாற்றக் கேளுங்கள். முடியாவிட்டால், சூளை இருக்கும் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்தப் பிள்ளைகளின் பெயர்களை எழுதி அனுப்புங்கள்.