ஆல்ட்டுகளுக்கு ரெப் ஏற்றுவது எப்படி? வார்கிராஃப்ட் கேள்வி பதில்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் ரெப், அதாவது ஒரு ஃபேக்‌ஷன் (குழு) நம்மிடம் வைக்கும் மதிப்பு, ஏற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. மெயின் என்றால் முதன்மைக் கேரக்டர், ஆல்ட் என்றால் அதே கணக்கில் உள்ள மற்றக் கேரக்டர். ரெப் நியூட்ரல், ஃபிரெண்ட்லி, ஹானர்டு, ரெவர்டு, எக்ஸால்டட் என்று படிப்படியாக ஏறும். எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் கேட்டவர்கள் எல்லாரும் பர்னிங் குருசேட் கிளாசிக் (பழைய பதிப்பின் மறுவெளியீடு) ஆடுவதாக வைத்துக்கொண்டேன்.

பால்கனி_மேஜ்: அண்ணா, மெயின் எக்ஸால்டட் ஆகிவிட்டான். நாலு ஆல்ட்டுக்கும் முதலிலிருந்து ஏற்ற வேண்டுமா?

ரீட்டெயில் (இன்றைய முதன்மைப் பதிப்பு) என்றால் வேண்டாம். 2024-ல் வார் விதின் என்ற விரிவாக்கம் வந்ததோடு, கணக்கில் உள்ள கேரக்டர்களை ஒன்றாகச் சேர்க்கும் வார்பேண்டு முறையும் வந்தது. பெரும்பாலான ஃபேக்‌ஷன்களின் ரெப் இப்போது கணக்குக்கே பொது. உங்கள் கேரக்டர்களில் யாரிடம் அதிகம் இருந்ததோ அதுதான் எல்லாருக்கும். எல்லாரிடமும் இருந்ததைக் கூட்டித் தரவில்லை.

கிளாசிக் என்றால் ஆமாம், ஒவ்வொருவனும் தனித்தனிதான். நியூட்ரலில் தொடங்கி எக்ஸால்டட் தொட 42,000 புள்ளி. அதில் சரிபாதி, 21,000, ரெவர்டு என்ற ஒரே கட்டத்தில் போய்விடும். அதனால் ஆல்ட்டுக்கு ரெப் ஏற்றும் முன் அந்த ஃபேக்‌ஷனின் கடையைப் பாருங்கள். செனாரியன் எக்ஸ்பெடிஷனில் தலைக்குப் போடும் கிளிஃப் ஆஃப் ஃபெராசிட்டி ரெவர்டிலேயே கிடைக்கிறது. ஃபெரல் ட்ரூயிடுக்கு (மிருக உருவில் சண்டையிடும் வகை) எர்த்வார்டன் ஆயுதம் வேண்டுமென்றால் மட்டும் எக்ஸால்டட் வரை போகலாம். மற்றவர்கள் ஏன் மாரடிக்க வேண்டும்?

ஹோலி_தோசை: ரெப்பை மெயிலில் அனுப்ப முடியாது. வேறு எதை அனுப்பலாம்?

ரெப் தரும் பொருளை அனுப்பலாம். யார் கொண்டுபோய்க் கொடுக்கிறார்களோ ரெப் அவர்களுக்குத்தான், யார் அடித்துச் சேர்த்தது என்று யாரும் கேட்பதில்லை. ஷாட்ரத் நகரில் ஆல்டர், ஸ்க்ரையர் என்ற இரண்டு எதிரெதிர்க் குழுக்கள் உண்டு; ஆல்டர் பக்கம் நின்றால், ஹானர்டு ஆகும்வரை கில்ஜேடன் மார்க் (எதிரிகளை அடித்தால் கிடைக்கும் பொருள்), அதன்பின் சார்கெராஸ் மார்க். பத்து மார்க்குக்கு 250 புள்ளி. நியூட்ரலில் தொடங்கினால் ஹானர்டுக்கு 360 கில்ஜேடன் மார்க், அங்கிருந்து எக்ஸால்டட் வரை 1,320 சார்கெராஸ் மார்க். நடுவில் ஃபெல் ஆர்மமென்ட் விழுந்தால் ஒன்றுக்கு 350 வரும், கணக்கு குறையும். ஸ்க்ரையர் பக்கமென்றால் இதே வேலையை ஃபயர்விங் சிக்னெட்டும் சன்ஃபியூரி சிக்னெட்டும் செய்யும். மெயின் ஆல்டராக இருந்தாலும் கையில் சேரும் சிக்னெட்டை விற்றுவிடாதீர்கள், ஸ்க்ரையர் ஆல்ட்டுக்கு ஆகும்.

நிழல்_நரி: செனாரியன் குவெஸ்ட் எல்லாவற்றையும் முடித்துவிட்டு டஞ்சன் போகலாமா?

வேண்டாம் தம்பி, தலைகீழாகச் செய்யுங்கள். ஜாங்கர்மார்ஷ் பகுதியில் கிடைக்கும் அடையாளம் தெரியாத செடித் துண்டுகள் ஹானர்டு வரைதான் ரெப் தரும் (பத்துக்கு 250). ஸ்லேவ் பென்ஸ், அண்டர்பாக் சாதா டஞ்சன்களும் (குழுவாக நுழையும் எதிரி இடங்கள்) ஹானர்டோடு நின்றுவிடும். குவெஸ்டுக்கு (செய்யச் சொல்லும் பணிக்கு) அந்த வரம்பு கிடையாது. முதலில் செடியும் டஞ்சனும், ஹானர்டைத் தொட்டபின் குவெஸ்ட், அப்புறம் ஸ்டீம்வால்ட் டஞ்சன். இரண்டாவது ஆல்ட்டுக்கு இன்னும் சுலபம்: செடித் துண்டுகளை மெயினே சேர்த்து அனுப்பிவிடலாம்.

பைத்தியக்கார_பாலடின்: 'தி இன்சேன்' பட்டத்துக்கு ரேவன்ஹோல்ட் ஃபேக்‌ஷனில் எக்ஸால்டட் வேண்டும். நான் ரோக் இல்லையே?

இது லிச் கிங் விரிவாக்கக் காலத்து ஆசை, சரி. ரோக் (திருடன் வகை) ஆல்ட் ஒன்று வளர்த்தே ஆக வேண்டும், அல்லது ஆக்‌ஷன் ஹவுஸில் (ஆடுபவர்கள் பொருள் விற்கும் ஏலச்சந்தை) கோல்டை இறைக்க வேண்டும். ரெவர்டுக்கு மேல் ஏற, ரோக் எதிரிகளிடம் திருடும் ஹெவி ஜங்க்பாக்ஸ் என்ற பூட்டிய பெட்டிதான் வழி. ஐந்துக்கு 75 புள்ளி, ஆக 21,000-க்கு 1,400 பெட்டி.

ரோக்கை லோயர் பிளாக்ராக் ஸ்பையர் டஞ்சனுக்குள் கொண்டுபோங்கள். ஸ்டெல்த்தில் (கண்ணுக்குத் தெரியாமல்) ஒவ்வொருவன் முதுகுக்குப் பின்னாலும் நின்று பிக்பாக்கெட், அவ்வளவுதான். யாரையும் கொல்ல வேண்டியதில்லை. சுற்றி முடித்ததும் வெளியே வந்து ரீசெட், மறுபடி உள்ளே. ஒரு மணி நேரத்தில் ஐந்து இன்ஸ்டன்ஸ்தான் (புதிதாகத் திறக்கும் டஞ்சன்) என்ற வரம்பு உண்டு, அதனால் அவசரப்பட்டுப் பயனில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பூட்டைத் திறக்கும் ஆசை வரும். திறக்காதீர்கள், பூட்டிய பெட்டியைத்தான் கேட்பார்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்காது என்பதால் பை சீக்கிரம் நிறையும். ஒரு மெயிலில் 12 போகும். மெயினுக்கும் இடமில்லையென்றால் பொருள் சேர்த்து வைக்க மட்டும் பேங்க் ஆல்ட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனித இனத்துக்கு ரெப்பில் 10 சதவீதம் கூடுதல் என்பதால், பட்டம் வாங்கப்போகிறவன் மனிதனாக இருந்தால் ஏறக்குறைய 130 பெட்டி மிச்சம். பெட்டி திருடுகிறவன் எந்த இனமாக இருந்தாலும் கவலையில்லை.

பாண்டா_மாமா: மிஸ்ட்ஸ் ஆடுகிறேன். ஏதாவது குறுக்குவழி?

மிஸ்ட்ஸ் ஆஃப் பண்டாரியா விரிவாக்கத்தின் 5.1 பேட்ச்சில் வந்த கிராண்ட் கமென்டேஷன் என்ற பொருள். ஒரு கேரக்டர் ரெவர்டு ஆனதும் அந்த ஃபேக்‌ஷனின் குவார்ட்டர்மாஸ்டரிடம் (கடைக்காரர்) வாங்கிப் பயன்படுத்தினால், கணக்கில் உள்ள எல்லாருக்கும் அந்த ஃபேக்‌ஷனில் ரெப் இரட்டிப்பு. வாங்கிய கேரக்டருக்கும் சேர்த்துத்தான். அதனால் நாலு பேரையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒருவனை ரெவர்டு ஆக்கி அதை வாங்கியபிறகு மற்றவர்களின் டெய்லி குவெஸ்டைத் தொடுங்கள்.