ஜாமீன் கிடைத்தும் தம்பி வெளியே வரவில்லையா?

கேள்வி: என் தம்பிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் குண்டர் சட்டம் போட்டிருப்பதாகச் சொல்லி விடமாட்டேன் என்கிறார்கள். சிறை வாசலில் பார்த்த ஒருவர், "இதற்கும் ஜாமீன் எடுக்கலாம், 2 லட்சம் ஆகும்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். குண்டர் சட்டம் என்பது தடுப்புக்காவல், அதாவது இனி குற்றம் செய்யாமல் தடுக்க முன்கூட்டியே உள்ளே வைப்பது. அதில் ஜாமீனே கிடையாது. இல்லாத ஒன்றை விற்கிறார் அந்த ஆள். இப்படித் தாலிச்செயினை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் என் அலுவலகப் படியேறி அழுத குடும்பங்கள் நிறைய.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று. காவல் ஆணையை ரத்து செய்யக் கேட்டு தம்பி கையெழுத்திட்ட முறையீட்டை, ஆணை போட்ட கலெக்டருக்கும் (மாநகரம் என்றால் போலீஸ் கமிஷனருக்கும்) உள்துறைச் செயலாளருக்கும் சிறை வழியாக அனுப்புங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அரசு அதைக் காரணமில்லாமல் கிடப்பில் போட்டால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவுக்கு (காவல் சட்டவிரோதம், விடுவியுங்கள் என்று கேட்கும் மனு) அந்தத் தாமதமே பலமான ஆயுதம். ஆனால் அந்த மனு விசாரணைக்கு வரவே மாதக்கணக்காகிறது. காவல் அதிகபட்சம் 12 மாதம். அதில் பாதிக்கு மேல் உள்ளே கழித்த பிறகு "ஆணை செல்லாது" என்ற தீர்ப்பைக் கையில் வாங்கும்போது எனக்கு வயிறு எரியும்.

குடியரசான 1950-லேயே தடுப்புக்காவல் சட்டம் வந்துவிட்டது. அதை எதிர்த்து, அந்தச் சட்டத்தில் சிறைவைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக்கூடாது என்ற அந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு செல்லாது என்று தீர்ப்பானது.

உங்கள் தம்பியின் காவலுக்கான காரணங்கள் அடங்கிய புத்தகம், ஆணைப்படி காவலில் வைத்த 5 நாளுக்குள் தம்பி கைக்கு வந்திருக்க வேண்டும். பக்கம் பக்கமாகப் பாருங்கள். படிக்க முடியாத ஜெராக்ஸ், தமிழாக்கம் இல்லாத ஆங்கில உத்தரவு, எதுவானாலும் பக்க எண்ணைக் குறித்துவையுங்கள்.

அடுத்து அறிவுரைக் கழகம், அதாவது காவலுக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் குழு. அங்கே வக்கீல் வைக்க உரிமை இல்லை. "கழகத்தில் நானே வாதாடுவேன்" என்று பீஸ் கேட்டால் நம்பாதீர்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு, கவனமாகக் கேளுங்கள். அரசுத் தரப்பில் வக்கீலோ சட்ட ஆலோசகரோ பேசினால், தம்பிக்கும் வக்கீல் அனுமதிக்க வேண்டும். ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அரசு யாரையும் அனுப்பாவிட்டாலும், வக்கீல் அல்லாத நண்பர் ஒருவரின் உதவியைத் தம்பி கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும். முறையீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள்.