அகாப்பே என்றால் தெய்வீக அன்பு மட்டும்தானா?

கேள்வி: கிரேக்கத்தில் ‘அகாப்பே’ என்றால் கடவுளின் தன்னலமற்ற அன்பு, ‘ஃபிலியா’ வெறும் நட்பு என்கிறார்களே. யோவான் 21-இல் ‘என்னை நேசிக்கிறாயா’ என்று இயேசு முதலாவதைக் கேட்க, பேதுரு இரண்டாவதைத்தான் கொடுத்தாராமே?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அப்படியானால் 2 சாமுவேல் 13:15-ஐ என்ன செய்வது? தாமாரைக் கெடுத்த அம்னோனுக்கு, முன்பு அவள்மேல் இருந்த ஆசையைவிட வெறுப்பு பெரிதாகிவிடுகிறது. அந்த ஆசைக்குப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தா போட்டிருக்கும் சொல் அகாப்பே! பவுலின் உடன் ஊழியரான தேமா இவ்வுலகத்தின்மேல் ஆசை வைத்து அவரை விட்டுப் போனதற்கும் (2 தீமோத்தேயு 4:10) அதன் வினைச்சொல்லான ‘அகப்பாவோ’தான்.

யோவானுக்கே வருவோம். பிதா குமாரனை நேசிப்பது 3:35-இல் அகப்பாவோ, 5:20-இல் ஃபிலியாவின் வினையான ஃபிலெயோ. இரண்டே அதிகாரத்தில் தெய்வ அன்பு நட்பாக இளைத்துவிட்டதா என்ன?

21-ஆம் அதிகாரத்தில் இயேசு இருமுறை ‘அகப்பாஸ்’ (அகப்பாவோவின் ‘நேசிக்கிறாயா’) என்று கேட்கிறார், மூன்றாம் முறை ‘ஃபிலெயிஸ்’ (ஃபிலெயோவின் ‘நேசிக்கிறாயா’). பேதுரு மூன்று முறையும் ‘ஃபிலோ’ (ஃபிலெயோவின் ‘நேசிக்கிறேன்’). நம் பழைய தமிழ் வேதாகமமும் ‘அன்பாயிருக்கிறாயா’, ‘நேசிக்கிறேன்’ என்று பிரித்தே காட்டுகிறது. ஆனால் அதே வசனங்களில் ஆட்டுக்குட்டி–ஆடு, ‘மேய்’ என்பதற்கு இரண்டு வினை, ‘அறிவீர்’ என்பதற்கு இரண்டு வினை என்று எல்லாமே மாறி மாறி வருகின்றன. அவற்றில் பெரும்பாலும் யாரும் மறைபொருள் தேடுவதில்லை. தவிர, ‘மூன்றாந்தரம்’ கேட்டதால் பேதுரு துக்கப்பட்டார் என்கிறது 17-ஆம் வசனம். கேள்வி வேறாக இருந்தால் அது எப்படி மூன்றாந்தரமாகும்?

ஃபிலெயோவுக்கு ‘முத்தமிடு’ என்ற பொருளும் உண்டு. மத்தேயு 26:48-இல் யூதாஸ் சொல்லும் முத்தம் இதுதான். பொதுவாக ‘நேசி’ என்பதற்கு அகப்பாவோ பரவியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு.

இனி வடிவங்கள். பெயர்ச்சொல் பெண்பால்: எழுவாய் அகாப்பே, ‘அன்பை’ அகாப்பேன், ‘அன்பின்’ அகாப்பேஸ். ‘அன்புக்கு’ என்பதும் அகாப்பேதான், ஆனால் கடைசி எழுத்தின் அடியில் ‘இயோட்டா’ என்ற கிரேக்க எழுத்து சின்னதாகத் தொங்கும். அதைக் கவனிக்காமல்தான் புதிதாகப் படிப்பவர்கள் வழுக்குகிறார்கள். யூதா 12-இல் பன்மையில் வந்தால் அன்பின் விருந்துகள்.

வினைதான் வம்பு. அதன் அடி ‘ஆ’வில் முடிவதால் விகுதியின் உயிர் அதற்குள் கரைந்துவிடும். விளைவு, ‘அகப்பாட்டே’ என்ற ஒரே வடிவம் ‘நேசிக்கிறீர்கள்’, ‘நேசியுங்கள்’, ‘நேசிக்கும்படி’ மூன்றுக்கும் நிற்கும். யோவான் 13:34-இல் முன்னால் ‘-படி’ என்று பொருள்படும் ‘ஹினா’ என்ற சொல் இருப்பதால் அது ‘நேசிக்கும்படி’. மத்தேயு 5:44-இல் கட்டளை: சத்துருக்களை நேசியுங்கள். லூக்கா 11:43-இல் அதே சொல், அதே எழுத்துகள், வசைக்கு நடுவே: பரிசேயரே, முதன்மையான ஆசனங்களை விரும்புகிறீர்கள்.