எண்கள் அறை: வாசகர் கேள்வி – பதில்

கே: அலிகாட் தொடர்வரிசை என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? வீட்டுக் கணினியில் தொடங்க எந்த எண்ணை எடுக்கலாம்?

ப: ஓர் எண்ணின் வகுஎண்களில் அந்த எண்ணைத் தவிர்த்து மற்றவற்றை எல்லாம் கூட்டுங்கள். வந்த விடைக்கும் அதையே செய்யுங்கள். 95-இன் வகுஎண்கள் 1, 5, 19, கூட்டினால் 25. அதிலிருந்து 1+5 = 6. ஆறு செவ்விய எண் (1+2+3 = 6), அங்கேயே நின்றுவிடும். 562-ஐ எடுத்தால் 284, 220, மறுபடி 284 என்று நட்பு எண்களுக்குள் சுழலும். சிறிய எண்களில் பெரும்பாலானவை ஒரு பகாஎண்ணைத் தொட்டு 1-இல் முடிந்துவிடும்.

பழகுவதற்கு 138 நல்லது. 150, 222, 234 என்று சாதுவாகத்தான் கிளம்பும். 117-ஆம் படியில் 179931895322 வரை ஏறி, 177-ஆம் படியில் 1-க்கு வந்து சேரும். உங்கள் நிரலுக்கும் இந்த உச்சம் வந்தால் நிரல் சரி. முதல் எண்ணாக 276-ஐ மட்டும் எடுக்காதீர்கள். 276, 552, 564, 660, 966 ஆகிய ஐந்தும் 'லெமர் ஐந்து': கணிதவியலாளர் லெமரின் பெயரால் வழங்கும், வரிசையின் முடிவு இன்னும் தெரியாத எண்கள். 276-இன் வரிசை 2000 படிகளையும் 200 இலக்கங்களையும் தாண்டிவிட்டது, வகுஎண்களைக் கூட்ட எண்ணை முதலில் பகாக் காரணிகளாக உடைக்க வேண்டும் என்பதால், அங்கே ஒரே ஒரு படிக்கு வாரக்கணக்கில் ஆகலாம். வேறு எண்ணை எடுத்தாலும், காரணிகளைச் சேர்த்துவைக்கும் ஃபேக்டர்டிபி இணையத் தரவுத்தளத்தில் அதன் கடைசிப் படியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஏற்கெனவே யாரோ செய்து முடித்ததைத் திரும்பச் செய்வது மின்சாரச் செலவு மட்டுமே.

கே: சிறு காரணிகளை நீக்கிய பிறகு 118 இலக்கப் பகுஎண் ஒன்று மிஞ்சி நிற்கிறது. நீள்வட்ட வளைவு முறையை (ஈ.சி.எம்.) மூன்று நாளாக ஓட்டுகிறேன். இன்னும் ஓட்டலாமா, சல்லடைக்குப் போகலாமா?

ப: சல்லடைக்குப் போங்கள். ஈ.சி.எம்.-க்கு எண் எவ்வளவு பெரியது என்பது பெரிய விஷயமில்லை. ஒளிந்திருக்கும் காரணி எவ்வளவு பெரியது என்பதுதான் விஷயம். பெரிய எண்களை உடைக்கும் எண்புலச் சல்லடை முறைக்கு இது நேர்மாறு: காரணி 40 இலக்கமானாலும் 59 இலக்கமானாலும் ஒரே நேரம்தான். ஆகவே காரணி சிறியதாக இருக்கலாம் என்ற நம்பிக்கை நியாயமாக இருக்கும்வரைதான் ஈ.சி.எம்.

ஆர்வலர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு: எண்ணின் இலக்க நீளத்தை 4/13 ஆல் பெருக்கு. 118-க்கு 36 சொச்சம் வரும். அதாவது 35 இலக்கக் காரணிக்கான சுற்றை முடித்து, அடுத்ததில் கொஞ்சம் போய் நிறுத்த வேண்டும். ஜிஎம்பி-ஈசிஎம் நிரலின் அட்டவணைப்படி 25 இலக்கத்துக்கு பி1 (ஒவ்வொரு வளைவிலும், அதாவது முயற்சியிலும், தேடும் எல்லை) = 50,000, 214 வளைவுகள்; 30-க்கு 2,50,000, 430 வளைவுகள்; 35-க்கு 10 லட்சம், 904 வளைவுகள்; 40-க்கு 30 லட்சம், 2350 வளைவுகள். உங்களுக்கு முதல் மூன்றும் முழுதாக, கடைசியில் சில நூறு வளைவுகள் போதும்.

904 ஓட்டியாயிற்று, இனி 35 இலக்கக் காரணி இருக்கவே இருக்காது என்று நினைக்கக்கூடாது. சுமார் 37% தப்பிவிட வாய்ப்புண்டு. அட்டவணையே அந்தக் கணக்கில்தான் போடப்பட்டது. அதற்காக இரண்டாம் தடவை ஓட்டுவதும் வீண். பலரும் நாட்களைத் தொலைக்கும் இடம் இதுதான்.

சுமார் 95 இலக்கம் வரை இருபடிச் சல்லடை வேகம். அதற்கு மேல் எண்புலச் சல்லடை. சரியான எல்லை கணினிக்குக் கணினி மாறும். யாஃபு நிரலில் 'டியூன்' கட்டளையை ஒருமுறை ஓட்டினால் உங்கள் கணினிக்கு உரியதைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளும். எண்புலச் சல்லடையில் ஏறத்தாழ 5 இலக்கத்துக்கு ஒருமுறை நேரம் இரட்டிக்கும், இருபடிச் சல்லடையில் 3 இலக்கத்துக்கே.

கே: என் வரிசையில் படிக்குப் படி 4-உம் 7-உம் காரணியாக வருகின்றன. எண் ஏறிக்கொண்டே போகிறது. விட்டுவிடலாமா?

ப: 28 என்ற 'டிரைவர்' (படிக்குப் படி கூடவே வந்து எண்ணை ஏற்றும் காரணிக் கூட்டம்) பிடித்திருக்கிறது. 4-இன் எல்லா வகுஎண்களையும் கூட்டினால் 7. 7-க்குக் கூட்டினால் 8. இப்படி 4 அடுத்த படிக்கு 7-ஐத் தருகிறது. 7 தரும் 8, 2-இன் அடுக்கு மாறாமல் காக்கிறது. ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன. 28-ஆல் வகுபடும் எண் அடுத்த படியில் குறையவே முடியாது.

2-இன் அடுக்கு ஒன்றாகக் குறைந்து தப்பிக்க இரண்டு சேர்ந்து நடக்க வேண்டும். 7 இரட்டை அடுக்கில் வர வேண்டும்; அது எட்டுக்கு ஒருமுறை கிடைக்கும். கூடவே, ஒற்றை அடுக்கில் நிற்கும் மற்ற ஒற்றைப்படைப் பகாஎண் ஒன்றே ஒன்றாக இருந்து, அது 4-ஆல் வகுக்க மீதி 1 தர வேண்டும். 118 இலக்க எண்ணுக்குச் சராசரியாக ஐந்தாறு பகாக் காரணிகள் இருக்கும் என்பதால் இரண்டாவது நிபந்தனைதான் கழுத்தை அறுக்கும். எண் நீள நீளத் தப்பிப்பதும் அரிதாகும்.

தப்பித்தால் கிடைப்பது இனிப்பு. 2 ஒற்றையாக நின்று, 3-உம் இல்லாவிட்டால் 'டவுன்டிரைவர்': எண் படிக்குப் படி பாதிக்குப் பக்கமாகச் சரியும். 2-இன் வகுஎண் கூட்டல் 3 என்பதால் மொத்தக் கூட்டலில் 3 உண்டு, எண்ணில் இல்லை. ஆகக் கழித்து வருவதிலும் 3 நுழையாது. அதுவும் எளிதில் விடாது. 120-இன் பிடியில் இருந்தால் (ஒவ்வொரு படியும் குறைந்தது இரு மடங்கு) நான் விட்டுவிடுவேன். 28 என்றால், கணினிக்கு வேறு வேலை இல்லாதபோது ஓடட்டும்.

கே: காடோ-என்எஃப்எஸ் (எண்புலச் சல்லடை நிரல்) பாதியில் மின்வெட்டால் நின்றது. திறந்து பார்த்தால் எல்லாக் கோப்பும் காணவில்லை!

ப: வேலைக் கோப்புறையைக் குறிப்பிடாவிட்டால் அந்த நிரல் 'டெம்ப்'புக்குள் எழுதும், பல லினக்ஸ் கணினிகள் மறுதொடக்கத்தில் அதைத் துடைத்துவிடும். அடுத்த முறை 'ஒர்க்டிர்' தேர்வில் நிலையான கோப்புறையைக் கொடுங்கள். நின்றால், அதற்குள் இருக்கும் கடைசி 'ஸ்னாப்ஷாட்' கோப்பைக் கொடுத்து ஓட்டினால் விட்ட இடத்தில் தொடரும்.

சல்லடைக் கட்டம் பிழைகளைப் பொறுக்கும். கெட்ட வரிகள் வடிகட்டும்போது உதிர்ந்துவிடும். பின்னால் வரும் அணிக் கணக்கு பொறுக்காது. ரேமில் ஒரு பிட் புரண்டாலும் போச்சு. சல்லடை ஒழுங்காக முடிந்து அணிக் கணக்கு மட்டும் தோற்றால், ஓவர்கிளாக்கை நீக்கி, ரேமைச் சோதித்துவிட்டு அந்தக் கட்டத்தை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். கடைசி வர்க்கமூலக் கட்டத்தில் 1-உம் எண்ணுமே விடையாக வந்தால் பயப்படாதீர்கள்: இரண்டே பகாக் காரணி உள்ள எண்ணுக்கு ஒவ்வொரு முயற்சியும் பூவா தலையாதான். அடுத்ததைத் தானாகவே முயலும்.

கே: ஈ.சி.எம். கொடுத்த காரணியை அப்படியே நம்பலாமா?

ப: அது காரணிதான், ஆனால் பகாஎண்தானா? இரண்டு சிறு காரணிகள் ஒன்றாகவே விழுவதுண்டு. பகுஎண்ணைப் பகாஎண் என்று எடுத்துக் கூட்டினால் அதற்குப் பின் கணக்கிடுவதெல்லாம் வேறு எண்ணின் வரிசை. விழுந்ததையும் மிஞ்சியதையும் இரண்டையும் சோதியுங்கள்.

கே: இப்படியே போனால் வங்கிகளின் ஆர்எஸ்ஏ பூட்டையும் திறந்துவிடலாமோ?

ப: ஆர்எஸ்ஏ என்பது பெரிய எண்ணைக் காரணிகளாக உடைப்பது கடினம் என்பதை நம்பி நிற்கும் குறியாக்க முறை. 250 இலக்க ஆர்எஸ்ஏ-250, 2020-இல் உடைந்தது, அதே காடோ-என்எஃப்எஸ்தான், ஏறத்தாழ 2700 கோர்-ஆண்டுகள் (ஒரே ஒரு செயலிக் கருவில் ஓட்டினால் அத்தனை ஆண்டுகள்). இன்று புழக்கத்தில் உள்ள 2048 பிட் சாவி 617 இலக்கம்.

கே: 276 என்றாவது முடியுமா?

ப: கணிதவியலாளர்கள் காட்டலானும் டிக்சனும் எல்லா வரிசையும் முடியும் அல்லது சுழலும் என்றார்கள். ரிச்சர்ட் கையும் ஜான் செல்ஃப்ரிட்ஜும் இரட்டை எண்களில் பல முடிவில்லாமல் ஏறும் என்றார்கள். என் பந்தயம் பின்னவர்கள் பக்கம். ஆனால் 840-உம் ஒரு காலத்தில் லெமர் பட்டியலில் ஆறாவதாக இருந்தது. 49 இலக்கம் வரை ஏறி, 746-ஆம் படியில் 601 என்ற பகாஎண்ணில் விழுந்தது.