கழிச்சல் இல்லை, தாடையில் மட்டும் வீக்கம்: வெள்ளாட்டுக்கு என்ன?

கேள்வி: பென்னாகரம் பக்கம் 30 வெள்ளாடுகள் வளர்க்கிறேன். மழை பிடித்ததிலிருந்து ஏரிப் புறம்போக்கில் மேய்கின்றன. குட்டி ஈன்ற சில ஆடுகளுக்கு மாலையில் தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்குகிறது; காலையில் வற்றிவிடுகிறது. கழிச்சல் இல்லை. மாதந்தோறும் எல்லா ஆடுகளுக்கும் ஒரே புழு மருந்தைத் தவறாமல் கொடுத்து வருகிறேன். பிறகு ஏன் இப்படி?

பதில்: தவறாமல் கொடுத்ததுதான் சிக்கலில் பாதி. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், நான்காம் வயிற்றில் ரத்தம் குடிக்கும் உருளைப்புழு என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்தப் புழு பெரும்பாலும் கழிச்சலைக் கொடுக்காது; சத்தமில்லாமல் சோகையைக் கொடுக்கும். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தத்தை எடுக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 15 கிலோ ஆட்டின் உடலில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 1 லிட்டர்தான். ரத்தத்தோடு புரதமும் போவதால் நீர் கசிந்து, நாள் முழுவதும் குனிந்து மேயும் ஆட்டின் தாடையில் இறங்குகிறது.

ஈன்ற ஆடுகளுக்கு மட்டும் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஈனும் காலத்தையொட்டித் தாயின் எதிர்ப்புச் சக்தி தளரும். வறண்ட மாதங்களில் வயிற்றுச் சுவரில் வளராமல் பதுங்கிக் கிடந்த இளம்புழுக்களும் மழைக்காலத்தில் வளரத் தொடங்கும். ஒரு பெண்புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். குட்டிகள் புல் கடிக்கப் பழகும் நாளும் மேய்ச்சல் நிலத்தில் இளம்புழு நிறையும் நாளும் ஒன்றாகவே வரும். இந்தக் கணக்கில் புழு நம்மைவிடக் கெட்டி.

வெள்ளாடு அடிப்படையில் தழை மேயும் பிராணி. வாய் தரையைவிட்டு உயரத்தில் இருந்ததால், புல்லடியில் இருக்கும் புழுவை எதிர்க்கும் சக்தி செம்மறி அளவுக்கு அதற்கு வளரவில்லை. நம் சேலம் கருப்பு இன வெள்ளாடும் அப்படித்தான். அதை ஏரிப் புல்லில் விட்டால் புழுவுக்குக் கொண்டாட்டம். பனி உலர்ந்த பிறகே மேய விடுங்கள். வெட்டிய அகத்தி, வேலிமசால் போன்ற தீவனத் தழையைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

இனி மருந்து. பட்டியில் உள்ள புழுக்களில் பெரும்பகுதி சில ஆடுகளிடம்தான் இருக்கும். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் ஒரே மருந்தை ஊற்றினால், மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சி, அதன் வாரிசே நிலத்தை நிரப்பும். மருந்து படாத புழுக்கள் கொஞ்சம் இருப்பது நமக்கு நல்லது. அவற்றோடு கலப்பதால் எதிர்ப்புப் பெற்ற புழு பெருகுவது தாமதப்படும். ஆகவே கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம். வெளுத்திருந்தால் கொடுக்க வேண்டும். காகிதம்போல் வெளுத்த ஆட்டைத் தொலைவுக்கு ஓட்டாதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டிவிட்டு, கடலைப் புண்ணாக்கு கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். புரதம் கிடைத்தால் ஆடே புழுவோடு போராடும்.

அளவைக் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள், எடை போடுங்கள். அல்பெண்டசோல் வகை மருந்தை வெள்ளாட்டின் உடல் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும் என்பதால் செம்மறிக்கான அளவு போதாது. இதற்காக எல்லா மருந்தையும் இரட்டிப்பாக்கிவிடாதீர்கள்; சில மருந்துகள் அளவு மீறினால் நஞ்சாகும். சரியான அளவை மருத்துவர் சொல்லட்டும். சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் கூடவே கூடாது.

இப்போதைய மருந்து வேலை செய்கிறதா என்பதை ஊகிக்க வேண்டாம். கொடுக்கும் நாளிலும் 10 முதல் 14 நாள் கழித்தும் அதே ஆடுகளின் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து முட்டை எண்ணச் சொல்லுங்கள். 95 விழுக்காட்டுக்குக் குறைவாகவே முட்டை குறைந்திருந்தால் வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும்.

திரும்பத் திரும்ப வெளுக்கும் ஆட்டைக் கழித்துவிடுங்கள். அதன் குட்டியைக் கிடாவாக நிறுத்தாதீர்கள். ஏரிக்கரையில் நத்தை இருந்தால் ஈரல் தட்டைப்புழுவும் இதே வீக்கத்தைக் கொடுக்கும். அதற்கு மருந்து வேறு என்பதால், பரிசோதனையில் அதன் முட்டையையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.