கார்பன் ரப்பர் சென்சாராகும், கம்பியாகாது

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டுக்காக விரல் மடங்குவதை அளக்கும் கையுறை செய்கிறேன். சிலிக்கோனில் கார்பன் தூள் கலந்து பட்டையாக வார்த்து ஒட்டினேன். விரலை நீட்டிய பிறகும் ரீடிங் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. அதே பட்டையைக் கம்பியாக வைத்தால் எல்இடி மங்கலாகத்தான் எரிகிறது. கார்பனைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கார்பனைக் கூட்டினால் மின்தடை கொஞ்சம் குறையும். பட்டை விறைத்து விரிசலும் விடும். ஒரே பொருளிடம் எதிரெதிர் வேலைகளைக் கேட்கிறீர்கள். இழுத்தாலும் மின்தடை மாறாதிருந்தால்தான் அது கம்பி; மாறினால்தான் சென்சார். இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

சிலிக்கோன் தானாக மின்சாரத்தைக் கடத்தாது. கார்பன் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலி கோத்தால்தான் வழி திறக்கும். இழுக்கும்போது அறுந்த தொடுப்புகள், விட்டவுடன் அதே இடத்தில் சேர்ந்துவிடுவதில்லை. ரப்பரும் மெதுவாகத்தான் தளரும். மல்டிமீட்டரை மாட்டிப் பாருங்கள்: பட்டையை விட்டதும் மின்தடை பல சமயம் ஒரு துள்ளு மேலே போய், அப்புறம்தான் ஊர்ந்து இறங்கும். உங்கள் புரோகிராமைக் குறை சொல்லாதீர்கள், பொருளின் குணமே அதுதான்.

பட்டையை ஒட்டும் முன் பலமுறை முழுசாக இழுத்துப் பழக்குங்கள். ஒவ்வொரு முறை கையுறை போடும்போதும் விரலை நீட்டி, மடக்கி அளவைத் திருத்துங்கள். இது சமாளிப்புதான். நானாக இருந்தால் மின்தேக்கிக்கு, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் கெப்பாசிட்டருக்கு, மாறிவிடுவேன். இரண்டு கார்பன் படலங்களுக்கு நடுவே வெறும் சிலிக்கோன் படலம் ஒன்று. இழுத்தால் பரப்பு கூடும், நடுப்படலம் மெலியும், மின்தேக்குத்திறன் ஏறும். அது பெரும்பாலும் வடிவத்தைப் பொறுத்தது என்பதால், துகள் சங்கிலி கலைந்தாலும் ரீடிங் அவ்வளவாக அலைபாயாது. தோலை ஒட்டிய படலத்தை கிரவுண்டில் இணைத்து, வெளியே வெறும் சிலிக்கோன் பூசுங்கள். இல்லையென்றால் கை பக்கத்தில் வந்தாலே எண் ஆடும்.

சரி, கம்பிக்கு? தாமிரத்தோடு பார்த்தால் கார்பன் ரப்பர் லட்சக்கணக்கான மடங்கு மோசமான கடத்தி. வெள்ளி பூசிய நைலான் நூலை இழுபடும் துணியில் ஜிக்ஜாக் தையலாகப் போடுங்கள். துணி நீளும்போது வளைவுகள் விரியுமே தவிர நூல் இழுபடாது. காலியம் முக்கால், இண்டியம் கால் கலந்த உலோகம் சுமார் 16 டிகிரியிலேயே உருகிவிடும். மெல்லிய சிலிக்கோன் குழாயில் அடைத்தால் அருமையான கம்பி. அலுமினியத்தில் மட்டும் படவிடாதீர்கள், அரித்துத் தின்றுவிடும். கடத்தும் பாலிமரான பெடாட்-பிஎஸ்எஸ் தனியாக இருந்தால் கொஞ்சம் இழுத்தாலே விரிசல் விடும். 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் ஷெனான் பாவ் குழுவினர் அயனிச் சேர்மங்களைக் கலந்து அதை நன்றாக நீளவைத்தார்கள், ஆனால் உங்கள் கையுறைக்கு அது தேவைக்கு மிஞ்சியது.

பெரும்பாலும் பட்டை கெடுவதற்குள் இணைப்புதான் கெடும். கார்பன் ரப்பரில் சால்டர் ஒட்டாது. வார்க்கும்போதே, இறுகும் முன், அந்த வெள்ளி நூலின் நுனியைச் சில சென்டிமீட்டர் உள்ளே வளைத்துப் புதைத்துவிடுங்கள். இறுகும்போது வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் சீலண்ட் வேண்டாம். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் தாமிரத்தை அரிக்கும்.