புவியியல் பயிற்சி ஆசிரியர்களுக்கு: வினவல் வழி மதிப்பீடு (பிள்ளைகள் தாங்களே அளந்து விடை தேடும் ஆய்வுக்கு மதிப்பெண் இடுதல்) – கேள்வி பதில்

பாகூர்: மேடம், கற்பித்தல் பயிற்சியில் ஒன்பதாம் வகுப்புக்கு "கடலரிப்பு என்றால் என்ன?" என்று ஆய்வு கொடுத்தேன். எல்லாரும் புத்தகத்தைப் பார்த்தே எழுதிவிட்டார்கள்.

பதில்: விடை புத்தகத்தில் இருக்கும்போது வேறு எப்படி எழுதுவார்கள்? அளந்தால்தான் விடை தெரியும், அதையும் ஒரே நாளில் அளக்கலாம் என்கிற கேள்வி வேண்டும். "வீராம்பட்டினம் கடற்கரையில் இன்று கரையோர நீரோட்டம் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். அலை உடைகிற இடத்தில் விழும்படி கரையிலிருந்தே ஆரஞ்சுப் பழத்தை எறிந்து, 5 நிமிடத்தில் கரையோரமாக எத்தனை மீட்டர் நகர்ந்தது என்று டேப்பால் அளக்கட்டும். மூன்று இடம், இடத்துக்கு மூன்று முறை. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். அதைக் காற்று தள்ளிவிடும். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கவே கூடாது.

அரியாங்குப்பம்: நவம்பரில் இதைத்தான் செய்தோம். "தெற்கே போகிறது" என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைத்தேன். இங்கே மணல் வடக்கே போவதாகத்தானே படித்திருக்கிறோம்?

பதில்: தயவுசெய்து அந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் பார்த்தது சரி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே தள்ளும். ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் மிகுதி. அதனால்தான் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரித்தது. ஒரு நாள் அளவை வைத்து "ஆண்டு முழுக்கத் தெற்கே" என்று முடிவு கட்டியிருந்தால் மட்டும் குறையுங்கள். நான் சொல்லும் பிரிப்பு 20க்கு: கேள்வி 3, திட்டம் 4, தரவு 5, விளக்கம் 5, தன் தரவின் வரம்பைச் சொல்வது 3. சரியான விடைக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. பயிற்சி ஆசிரியர்களுக்கு இதை ஏற்பதுதான் கடினம்.

கடலூர், மஞ்சக்குப்பம்: தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து உள்ளே வரும் வழியில் அடிபம்பு நீரின் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் மொத்த அளவு) எடுத்தோம். எண்கள் தாறுமாறாக இருக்கின்றன.

பதில்: குழாயில் தேங்கிய நீரை எடுத்திருப்பீர்கள். 5 நிமிடம் அடித்து விட்டு, அதே நீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, பிறகு பிடிக்க வேண்டும். கிணற்றின் ஆழத்தையும் குறியுங்கள்; ஆழம் தெரியாமல் கடலிலிருந்து உள்ள தூரத்தை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. எண் உயர்ந்ததும் "கடல்நீர் புகுந்துவிட்டது" என்று எழுதுவார்கள். கழிவுநீர் கலந்தாலும் உயரும். "வேறு என்ன காரணம் இருக்கலாம்?" என்பதை விடைத்தாளிலேயே கேளுங்கள்.

நெல்லிக்குப்பம்: குழுவில் ஒருவரே எல்லாம் செய்கிறார்.

பதில்: அறிக்கை பொது, விளக்கம் தனித்தனி. ஆளுக்கு 3 நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள்.

பண்ருட்டி: இருவர் திருத்தினால் மதிப்பெண் வேறுபடுகிறதே?

பதில்: முதலில் ஐந்து தாள்களை இருவரும் தனித்தனியே திருத்துங்கள். 2க்கு மேல் வித்தியாசம் வந்த தாளை எடுத்து, எந்த வரிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று பேசுங்கள். பெரும்பாலும் "விளக்கம்" பகுதியில்தான் இடிக்கும். அந்தப் பகுதிக்கு மாதிரி வாக்கியங்களை எழுதி வைத்துக்கொண்டு மீதித் தாள்களுக்குப் போங்கள்.